கட்டவிழ்த்தலும் அனுமதித்தலும்

காவிரிப் படுகையின் உழவர் மடையைத் திறப்பர், ஏரை அவிழ்ப்பர். இவ்விரு வினைகளையும் அவர்கள் மாற்றி வழங்குவதில்லை. திறத்தலால் அடைபட்ட வழி உண்டாகிறது. அவிழ்த்தலால் பிணைப்பு நீங்குகிறது. பவர் ஐயர் தலைமையிலான குழுவினரின் உழைப்பால் 1871-இல் வெளிவந்த திருமறை இவ்வேறுபாட்டைக் காக்கின்றது. மாற்கு 7:35-இல் செவிகள் திறக்கப்படுகின்றன. நாவின் கட்டோ அவிழ்கின்றது.

மத்தேயு 16:19-இல் பேதுருவுக்குத் திறவுகோல்களோடு, கட்டவும் கட்டவிழ்க்கவும் அதிகாரம் அளிக்கப்படுகின்றது. யூத ரபிமாரின் வழக்கில் கட்டுதல் என்பது ஒன்றை விலக்குதல். அவிழ்த்தல் என்பது அதனை ஒப்புதல். இவ்வழக்கிற்கு இசையவே 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'தடைசெய்', 'அனுமதி' என்னும் வினைகளை ஆள்கின்றது. இதனால் பொருள் தெளிவாயிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இழப்பு ஒன்று உண்டு.

மத்தேயுவில் வரும் 'லூவோ' என்னும் அதே கிரேக்க வினை லூக்கா 13:15, 16-இல் இருமுறை வருகின்றது. ஓய்வுநாளில் எருதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறவர்கள், பதினெட்டு ஆண்டுகள் கட்டுண்டிருந்த பெண்ணை அவிழ்ப்பதைக் குற்றமாகக் காண்கின்றனர். ஆண்டவரின் வாதம் இந்த ஒரே சொல்லின்மேல் நிற்கின்றது. பழைய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'அவிழ்' என்றே கூறுகின்றது; புதியது பெண்ணுக்கு 'விடுவி' என்கின்றது. மத்தேயுவிலோ 'அனுமதி' என்றாகிறது. பேதுரு பெற்ற அதிகாரமும் அப்பெண் பெற்ற விடுதலையும் ஒரே வினையால் குறிக்கப்பட்டவை என்பது வாசகருக்கு மறைந்துபோகின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அந்தியில் ஏர்மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிய இதே தஞ்சை நாட்டில், அதனை ஓட்டிய பண்ணையாள் கடனால் கட்டுண்டு கிடந்தான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வுக்காகப் போராடிய கீழ்வெண்மணி உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்புப் பண்டிகை கொண்டாடப்பட்ட நாள் அது.

ஆகவே, அருளுரையாளர் பொருளைப் புதிய மொழிபெயர்ப்பிலும் வினையைப் பழையதிலும் கண்டு, இரண்டையும் சேர்த்தே விளக்குவாராக. திருச்சபை ஒழுங்கு என்ற பெயரில் கட்டுவதை நாம் நன்கு கற்றிருக்கிறோம். கட்டவிழ்க்கும் அதிகாரமும் அதே வசனத்தில்தான் நமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.