ஐந்தாவது வினா: 1914ஆம் ஆண்டு ஃபத்வாக்களை முன்வைத்து

1914 நவம்பர் 14ஆம் நாள் இஸ்தன்பூலின் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் வாசிக்கப்பட்ட ஐந்து ஃபத்வாக்களை, ஜெர்மானியர் ஆட்டுவித்த கூத்து என ஒதுக்கிவிடுவோர் பலர். டச்சுக் கீழைத்தேய அறிஞர் ஸ்னூக் ஹுர்ஹ்ரோன்யே 1915இல் முன்வைத்த வாதம் அது. ஜிஹாத் அறிவிப்பு உஸ்மானியருக்குப் புதிதன்று எனப் பின்னாளில் வரலாற்றாசிரியர் முஸ்தஃபா அக்சகால் மறுத்தது பொருத்தமே. எனினும் ஃபத்வாக்களின் வாசகத்தை ஃபிக்ஹின் அளவுகோல் கொண்டு படிப்போருக்கு வேறொன்றும் புலப்படும்.

வினாக்கள் நீண்டவை, விடைகள் ஓரிரு சொல்லில் முடிபவை. வினாவில் உள்ளது விடையிலும் உள்ளதாகவே கொள்ளப்படும் என்பது உஸ்மானியரின் மஜல்லா சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்ற விதி. முஃப்தி தம்முன் வைக்கப்பட்ட நிகழ்வுக்கே தீர்ப்புரைக்கிறார். ஆகவே திறனாய்வாளன் முதலில் கேட்க வேண்டியது, வினாவில் எது விடுபட்டது என்பதே.

ரஷ்யா, இங்கிலாந்து, பிரான்சு ஆகியவை கிலாபத்தின் மீது படையெடுத்துள்ளன என்கிறது இரண்டாம் வினா. இது பொய்யன்று. பிரிட்டன் போர் அறிவித்தது நவம்பர் 5இல். அதன் கப்பல்கள் தார்தனெல்ஸ் கோட்டைகளைத் தாக்கியதோ நவம்பர் 3இல்! ஆனால் அக்டோபர் 29 அங்கே இல்லை. அன்று ஜெர்மானியத் தளபதி சூஷோனின் தலைமையில் உஸ்மானியக் கப்பல்கள் ஒடெஸாவையும் செவாஸ்தபோலையும் தாக்கின. இலக்கு ரஷ்யத் துறைமுகங்கள். நவம்பர் 2இல் ரஷ்யா போர் அறிவித்தது. அதன் நேச நாடுகளான பிரிட்டனும் பிரான்சும் தொடர்ந்தன. தனித்துச் சமாதானம் செய்வதில்லை என அம்மூன்றும் செப்டம்பர் 5இலேயே உறுதி பூண்டிருந்தன. மறுபுறம், ஜெர்மனியுடன் ஆகஸ்ட் 2இல் கையெழுத்தான இரகசிய உடன்படிக்கை உஸ்மானியரைப் பிணைத்திருந்தது. நட்புக்கு நட்பு, பகைக்குப் பகை என்னும் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டுமே ஷைகுல் இஸ்லாம் ஹைரி எஃபெந்தியின் ஃபத்வா காட்டுகிறது.

ஐந்தாவது வினாவில்தான் அச்சங்கிலி வெளிப்படுகிறது. எதிரி நாடுகளின் ஆட்சியிலுள்ள முஸ்லிம்கள், உஸ்மானிய அரசுக்குத் துணைநிற்கும் ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் எதிர்த்துப் போரிடுவது பெரும் பாவமாகுமா? ஆகும் என்பதே விடை. கிலாபத்துக்கு நேரும் தீங்கு இங்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. நேச நாட்டுக்கு நேரும் இழப்பு கிலாபத்தின் இழப்பாக எவ்வாறு மாறுகிறது என்பதற்கு வாசகத்தில் விளக்கமில்லை. ஃபிக்ஹ் நோக்கில் இல்லத்தை நிறுவாத தீர்ப்பு இது.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. 1911இல் திரிப்போலியைத் தாக்கி, ஆட்சியுரிமையையும் பறித்த இத்தாலியின் பெயர் இவற்றில் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகியவற்றோடு அது கொண்டிருந்த பழைய உடன்படிக்கை அப்போது முறியவில்லை. அது முறிந்தது 1915 மே மாதத்தில். அவ்வாண்டு ஆகஸ்டில் இத்தாலியும் உஸ்மானியர் மீது போர் அறிவித்தது.