பதக்கப் பட்டியலுக்கு ஓர் உரை

விளையாட்டு விழாவொன்று முடிந்ததும் பத்திரிகைகள் வெளியிடும் பதக்கப் பட்டியலை நாம் இலக்கியமாகக் கருதுவதில்லை. எனினும் ஒரு தேசம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் வாசகங்களுள் அதுவும் ஒன்று. மூலத்தை ஒப்பித்துவிட்டு உரை கூறாது நிற்கும் மாணவனை நாம் அமரவிடுவதில்லை. விளையாட்டுப் பக்கம் எழுதுவோரை மட்டும் விட்டுவிடுகிறோம்.

2019 டிசம்பரில் நேபாளத்திலே நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவை எடுத்துக்கொள்வோம். இலங்கை 40 தங்கம், 83 வெள்ளி, 128 வெண்கலம் என 251 பதக்கங்களை வென்றது. நேபாளம் வென்றவை 206. ஆயினும் 51 தங்கம் பெற்ற நேபாளம் இரண்டாமிடம், இலங்கை மூன்றாமிடம். 174 தங்கத்துடன் இந்தியா முதலிடம். இதே நேபாளம் 2016இல், இந்தியாவிலே நடந்த விழாவில், மூன்றே தங்கங்களைத்தான் பெற்றிருந்தது. மூன்று ஐம்பத்தொன்றானது எவ்வாறு? சொந்த மண், எல்லாப் போட்டிகளுக்கும் வீரரை நிறுத்தும் வாய்ப்பு, அதற்கென ஒதுக்கப்பட்ட பணம். நமது கதையும் வேறல்ல. 2006இல் கொழும்பிலே 37 தங்கம். 2010இல் டாக்காவிலே 16. வீரம் நான்காண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிட்டது என்று எவரேனும் கூறுவரேல், அவரோடு வாதிட எனக்குப் பொறுமையில்லை.

2016ஆம் ஆண்டின் 25 தங்கங்களுள் ஏழினை மெத்தியூ அபேசிங்க என்ற நீச்சல் வீரர் ஒருவரே ஈட்டினார். அவரது உழைப்பைக் குறைத்துக் கூறுவது அற்பத்தனம். ஆனால் தேசத்தின் தங்கத்தில் கால் பங்குக்கு மேல் நீச்சல் தடாகத்திலிருந்து வந்ததென்றால், தடாகம் யாருக்கு எட்டுகிறது என்று கேட்பதும் உரையாசிரியனின் கடமையன்றோ? அக்கரப்பத்தனையிலே தடாகத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. இங்கே தட்டையான நிலமே அரும்பொருள். சரிவெல்லாம் தேயிலை, சமநிலம் கிடைத்த இடத்திலே தொழிற்சாலையோ பங்களாவோ நிற்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நூறு மீற்றர் ஓடுபாதையை நேராகக் கீற எங்கள் பாடசாலையிலே இடம் போதாது. எழுபதிலே முடித்துவிட்டு, நேரத்தைக் குறிக்காமலே முதலிடம் வழங்குகிறோம். வலயப் போட்டிக்குப் போகும் பிள்ளை, நூறு மீற்றர் எவ்வளவு தூரம் என்பதை அங்கேதான் முதன்முறையாக அறிகிறது.

இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவின் முதல் தங்கத்தை ஈட்டித் தந்தவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இல் டோக்கியோவிலே உயரம் பாய்தலில் 2.03 மீற்றரைத் தாண்டினார். மே 24ஆம் நாள் தொடங்கிய அவ்விழா ஜூன் முதலாம் நாள் நிறைவுற்றது. இலங்கையிலே தமிழருக்கெதிரான கலவரம் மூண்டு, மே 27இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும் அதே நாட்களிலேதான். ஒரு தமிழரின் தாண்டலால் தேசத்தின் பெயர் பட்டியலில் ஏறிற்று. தமிழரின் வீடுகள் தேசத்திலே எரிந்தன. பட்டியலிலே இதற்கு ஒரு நிரலும் கிடையாது.

மலையகத்தின் நிலை இன்னும் வேறு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இங்குள்ளோரிற் பெரும்பாலோர் அப்போது நாடற்றவர்கள். அக்காலத்தில் நாடு ஈட்டிய அந்நியச் செலாவணியின் பெரும்பகுதி அவர்கள் பறித்த கொழுந்திலிருந்து வந்தது. வீரரை டோக்கியோவுக்கு அனுப்பும் வசதியை நாட்டுக்கு அளித்தவர்களுக்கு, அந்த வெற்றியை 'எமது' என்று சொல்லும் சட்ட உரிமை இருக்கவில்லை. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003இலேதான் வந்தது.

2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரிலே நடந்த ஆசிய விழாவில் தருஷி கருணாரத்ன 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2002க்குப் பின் மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் அது. அவர் கண்டி மாவட்டத்துக் கிராமப்புறப் பாடசாலையான வலல ரத்நாயக்க மத்திய கல்லூரியின் மாணவி. ஒரு நல்ல பயிற்றுநரும் ஓடுவதற்கு நிலமும் வாய்த்தால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம்மவரிலும் சிலர், மலையேறிக் கொழுந்து சுமப்பவளின் மகள் பிறவியிலேயே ஓட்டக்காரி என்று மேடையிலே முழங்குகிறார்கள். இது கேட்க இனிய பொய். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரம் வளராத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறத்திலே 32 வீதம். மூவரில் ஒருவர் என்று கொள்ளலாம். அன்று அந்த வயதிலிருந்த பிள்ளைகள்தாம் இப்போது எங்கள் பாடசாலையின் நடு வகுப்புகளிலே அமர்ந்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது, உயரம் குறைந்தவரை முன்னால் விடுங்கள் என்று சொன்னால், வரிசையின் பெரும்பகுதி முன்னால் நகர்கிறது.