புள்ளி இல்லாத காசு

பழைய காசுக்கு விலை சொல்லும் வீடியோக்களில் ஒரு பெரிய குறை. பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'வருஷத்துக்குக் கீழே அடையாளமே இல்லையா? அபூர்வம்! லட்ச ரூபாய்!' அபூர்வமாவது ஒண்ணாவது! உங்கள் பையில் இருக்கும் சில்லறையைப் பாருங்கள். டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அந்த நாணயச் சாலை வழக்கமாக அடையாளம் போடுவதில்லை, அவ்வளவுதான்.

அச்சில் அழுக்கு அடைத்தாலும் புள்ளி விழாது. அரத்தால் ராவி எடுக்கிற புண்ணியவான்களும் உண்டு. லென்ஸில் அந்த இடத்தில் கீறல் தெரிந்தால் கைவேலைதான்.

'வாங்கிக்கிறோம், முதல்ல கமிஷன் கட்டுங்க' என்கிறார்களா? 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்த மோசடி. கட்டாதீர்கள். கொல்கத்தாவின் சாதாரண ஐந்து ரூபாய்க்கு மதிப்பு ஐந்து ரூபாய்தான்.