எரியாத முட்செடியும் எரிந்த பெண்களும்

விவிலியத்தில் நெருப்புக்கு என்ன பொருள் என்று கேட்டால் ஞாயிறு பள்ளிக்குப் போன எவரும் பதில் சொல்லிவிடுவார்கள். அது கடவுளின் பிரசன்னம், தூய்மை, நியாயத்தீர்ப்பு, பரிசுத்த ஆவி. மோசே கண்ட முட்செடி பற்றி எரிந்தும் கருகவில்லை. எலியா மன்றாடியதும் கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கிப் பலியை விழுங்கியது. ஏசாயாவின் உதட்டைத் தணல் தொட்டது. அவனுடைய பாவம் நீங்கியது. பிரசங்கங்களிலும் விளக்கவுரைகளிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கதைகள் இவை. நெருப்பு இந்த ஆண்களிடம் வந்து பேசுகிறது, வேலை கொடுக்கிறது, சுடாமல் போய்விடுகிறது. அதே நெருப்பு பெண்களிடம் எப்படி வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான், குறியீடு என்ற சொல்லை இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல எனக்கு முடியாமல் போனது.

ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்துத் தாமாரிலிருந்து தொடங்கலாம். யூதாவின் மூத்த மகனுக்கு மனைவியாகிறாள், அவன் சாகிறான். வழக்கப்படி அடுத்தவன் ஓனானிடம் கொடுக்கிறார்கள், அவனும் சாகிறான். மூன்றாமவன் சேலா வளரும்வரை அப்பன் வீட்டில் விதவையாக இரு என்று மாமனார் அனுப்பிவிடுகிறான். சேலா வளர்ந்த பிறகும் அழைப்பு வரவில்லை. அவள் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்து, தன்னை அடையாளம் தெரியாத மாமனார் மூலமே கருத்தரிக்கிறாள். மூன்று மாதம் போல ஆனதும் செய்தி யூதாவின் காதுக்கு வருகிறது. அவன் தீர்ப்பு எபிரேயத்தில் இரண்டே சொற்கள். ஒன்று அவளை வெளியே கொண்டுவரச் சொல்கிறது, மற்றது எரிக்கச் சொல்கிறது. விசாரணை இல்லை. கூட இருந்த ஆண் யார் என்ற கேள்விகூட இல்லை. கேட்டிருந்தால் தீர்ப்புச் சொன்னவனே மாட்டியிருப்பான்.

இங்கே எந்தத் தேவதூதனும் குறுக்கே வரவில்லை. தாமார் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறாள். அடமானமாக வாங்கி வைத்திருந்த முத்திரையையும் கயிற்றையும் கைத்தடியையும் அனுப்பி, இவை யாருடையவை என்று பார்க்கச் சொல்கிறாள். யோசேப்பின் இரத்தம் தோய்ந்த அங்கியைத் தகப்பனிடம் அனுப்பியபோது யூதாவும் சகோதரர்களும் சொன்ன அதே எபிரேயச் சொற்கள், முந்தைய அதிகாரத்திலேயே இருக்கின்றன. அவளே தன்னைவிட நீதியுள்ளவள் என்று யூதா ஒத்துக்கொள்ள வேண்டியதாகிறது. மத்தேயு தன் முதல் அதிகாரத்து வம்சவரலாற்றில் அவள் பெயரைச் சேர்த்தார். எரிந்து போயிருக்க வேண்டியவள், இயேசுவின் பாட்டிகளில் ஒருத்தி.

தாமாருக்குக் கையில் ஆதாரம் இருந்தது. நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் திம்னாத் ஊர்ப் பெண்ணுக்கு எதுவும் இல்லை, பெயர்கூட இல்லை. சிம்சோனின் மனைவி என்பதுதான் அவள் அடையாளம். கல்யாண விருந்தில் சிம்சோன் முப்பது தோழர்களுக்கு ஒரு விடுகதை போடுகிறான். அவர்கள் மணப்பெண்ணிடம் வந்து, விடையைக் கேட்டுச் சொல்லாவிட்டால் உன்னையும் உன் அப்பன் வீட்டாரையும் எரித்துவிடுவோம் என்கிறார்கள். அவள் புருஷன் முன்னால் அழுதழுது விடையை வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். அவன் கோபித்துக்கொண்டு போகிறான். அப்பன் அவளை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுகிறான். பின்னால் சிம்சோன் திரும்பி வந்து, கதவு அடைபட்டதும், முந்நூறு நரிகளின் வால்களில் பந்தம் கட்டிப் பெலிஸ்தரின் வயல்களைக் கொளுத்துகிறான். அதற்குப் பழிவாங்கப் பெலிஸ்தர் யாரை எரித்தார்கள்? அவளையும் அவள் அப்பனையும். நெருப்புக்குப் பயந்து அவர்கள் சொன்னதைச் செய்தவளை, அவர்கள் சொன்ன அதே நெருப்பில். அது 15:6. ஒரே வசனத்தின் பின்பாதியில் அவள் கதை முடிந்துவிடுகிறது.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு நரிகளைப் படம் வரையச் சொன்னார்கள்.

விவிலியப் பெண்களை அச்சமூட்டும் கதைகளாகவே படிக்கக் கற்றுக்கொடுத்த ஃபிலிஸ் டிரிபிள், 1984இல் வந்த தன் நூலில் நான்கு பெண்களை எடுத்துக்கொண்டார். யெப்தாவின் மகள் அதில் உண்டு. திம்னாத் பெண் இல்லை. யெப்தாவின் மகள் தகப்பனின் நேர்ச்சைக்குத் தகனபலியானவள். ஆனால் நேர்ச்சை நிறைவேறியதாகச் சொல்லும் வசனத்தில் நெருப்பு என்ற சொல்லே கிடையாது. ஈசாக்குக்காக ஆபிரகாம் நெருப்பைக் கையில் எடுத்துப்போனதை எழுதிய நூல், மகளின் நெருப்பை எழுதாமல் விட்டுவிட்டது. ஈசாக்குக்கு வானத்திலிருந்து குரலும் வந்தது.

ஆண்கள் எரியவில்லையா என்று கேட்பீர்கள். எரிந்தார்கள். ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்ததற்காக, கோராகின் கூட்டத்தார் 250 பேர் தூபம் காட்டியதற்காக. ஆகான் திருடியதற்காக. ஒரு பெண்ணையும் அவள் தாயையும் சேர்த்து மணந்தவனையும் அந்த இரண்டு பெண்களோடு எரிக்கச் சொல்லும் சட்டம் ஒன்றும் லேவியராகமத்தில் உண்டு. ஆக, கணக்கு ஒருபக்கமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 21:9ஐப் பாருங்கள். ஆசாரியனின் மகள் விபசாரம் செய்தால் அவள் தகப்பனின் பரிசுத்தத்தைக் குலைக்கிறாள், ஆகவே எரிக்கப்பட வேண்டும். மகனுக்கு அப்படியொரு வரி அங்கே இல்லை. ஆசாரியன் ஏலியின் மகன்கள் கூடார வாசலில் ஊழியம் செய்த பெண்களோடு படுத்தார்கள், போரில் செத்தார்கள். அவர்களுக்காக யாரும் விறகு அடுக்கவில்லை.

இந்தச் சட்டம்தான் பிறகு உருவகமாகிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி ஆசாரியக் குடும்பத்தவர். எருசலேம் நகரத்தை அவர் 16ஆம் அதிகாரத்திலும் 23ஆம் அதிகாரத்திலும் சோரம்போன மனைவியாக எழுதுகிறார். துணி உரியப்படுகிறது, கல்லெறிகிறார்கள், வெட்டுகிறார்கள், மிச்சத்தை நெருப்பு தின்கிறது. இது நகரத்தைப் பற்றியது, பெண்ணைப் பற்றியதில்லை என்பார்கள் உரையாசிரியர்கள். எசேக்கியேலே அப்படிச் சொல்லவில்லை. 16:41இல் தண்டனை அநேகப் பெண்களின் கண்முன் நடக்கிறது. 23:48இல், எல்லாப் பெண்களும் இதைப் பார்த்துப் பாடம் கற்க வேண்டும் என்கிறார். உருவகம் தன் முகவரியைத் தானே சொல்லிவிட்டது. தீர்க்கதரிசிகளின் இந்த மொழி அடிபடும் மனைவியின் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ரெனிட்டா வீம்ஸ் 1995இல் ஒரு முழு நூலே எழுதினார். வெளிப்படுத்தின விசேஷம் 17ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்ற வேசியை அம்மணமாக்கி, மாம்சத்தைத் தின்று, நெருப்பில் சுட்டெரிக்கிறார்கள். ரோமப் பேரரசின் மீது யோவானுக்கு இருந்த கோபம் நியாயமானது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு பெண்ணுடலைத்தான் எரிக்கத் தெரிந்தது.

தமிழில் வாசிக்கும் நமக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பழைய திருப்புதலில் ஆசாரியனின் மகளை எரிப்பதும் அக்கினி, பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள்மேல் இறங்கியதும் அக்கினி. கன்வென்ஷன் மேடையில் ‘அக்கினி அபிஷேகம்’ என்று கத்தும்போது, முக்காடு போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் காதில் எது விழும்? ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்ற செய்தியைப் படித்துப் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

விவிலியத்தில் வேறு நெருப்புகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றை யாரும் குறியீடு என்று அழைப்பதில்லை. கர்மேல் மலைக்கு ஓர் அதிகாரம் முன்னால் சாறிபாத் ஊர் விதவை இரண்டு விறகு பொறுக்குகிறாள், தானும் மகனும் கடைசியாகச் சாப்பிட்டுச் சாக. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், முற்றத்து நெருப்பின் வெளிச்சத்தில் பேதுருவை உற்றுப் பார்த்து இவனும் அவரோடிருந்தான் என்று சொல்பவள் ஒரு வேலைக்காரி. அந்த இரவில் அங்கே உண்மையைப் பேசியது அவள்தான். உயிர்த்தெழுந்த இயேசு கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்ததைச் சொல்வது யோவான். கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற அந்த நெருப்பை வைத்து யாரும் கன்வென்ஷன் நடத்திப் பார்த்ததில்லை.

பெந்தெகொஸ்தேக்கு வருகிறேன், ஏனென்றால் எரிக்கும் நெருப்பை இந்த நூல் மாற்றி எழுத முயன்ற இடம் அது. அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 120 பேர். பெண்களும் மரியாளும் அவர்களில் உண்டு. இரண்டாம் அதிகாரத்தில் நெருப்பு நாவுகள் ஒவ்வொருவர்மேலும் அமர்கின்றன. பெண்ணின் தலைமேல் நெருப்பு, அவள் எரியவில்லை, வாய் திறக்கிறாள். முட்செடிக்குக் கிடைத்தது கடைசியில் அவளுக்கும் கிடைத்தது. குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற யோவேலின் வாக்கைப் பேதுரு எடுத்துச் சொல்கிறான். ஆனால் லூக்கா அதைக் காப்பாற்றவில்லை. 21ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு மகள்கள் பிலிப்புவின் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வசனத்தில் அகபு வருகிறான். அவன் சொன்னது முழுதும் பதிவாகிறது.

இந்த வாக்கை நம் நாட்டில் பெண்கள் கையில் எடுத்த ஓர் இடம் உண்டு. பண்டித ரமாபாய், புனேவுக்கு அருகே கேட்காவில் இளம் விதவைகளுக்கும் பஞ்சத்தில் தப்பிய சிறுமிகளுக்கும் நடத்திய முக்தி இல்லம். 1905 ஜூனில் அங்கே ஓர் எழுப்புதல் நடந்தது. இரவில் ஒரு பெண்மேல் நெருப்பு இறங்கியதாகக் கண்டார்கள். கண்டவர்களில் ஒருத்தி ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீரை எடுத்துவந்து ஊற்றப்போனாள். அப்புறம்தான் அவள் எரியவில்லை என்று தெரிந்தது. அங்கே ஊழியம் செய்த மின்னி ஏப்ராம்ஸ் அடுத்த ஆண்டு ஆவியின் அக்கினியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெந்தெகொஸ்தே சபைகளின் வரலாற்றில் இச்சம்பவம் அதிசயமாகச் சொல்லப்படுகிறது. வாளியை ஒரு வேடிக்கையான விவரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணவனின் சிதையில் விதவைகளை ஏற்றிய நாட்டில், விதவைகள் தங்கியிருந்த வீட்டில், ஒரு பெண்ணின் மேல் நெருப்பைக் கண்டதும் இன்னொருத்தி முழங்காலிடவில்லை, தண்ணீருக்கு ஓடினாள். நான் படித்த எந்த விளக்கவுரையையும்விட அவளுக்கு நெருப்பைத் தெரிந்திருந்தது.

ரமாபாய் அப்போது எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை மராத்தியில் பெயர்க்கும் வேலையில் இருந்தார். 1922இல் இறப்பதற்குள் அதை முடித்தார். 1924இல் நூலாக வந்தது. முக்தி அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் அந்த இல்லத்துப் பெண்கள். தாமாரின் கைத்தடியும் திம்னாத் பெண்ணின் அரை வசனமும் மராத்தியில் அவர்கள் கை வழியாகத்தான் வந்தன.