வீரசோழனில் ஒரு ஃப்ரெட்லெஸ்

வீரசோழனில் நாங்கள் இளையராஜாவைப் பாதிதான் கேட்டு வளர்ந்தோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள். அந்தக் குழாயில் ஜானகியம்மா குரல் அடுத்த ஊர் கண்மாய்க்கரை வரை கேட்கும். வயலின் கேட்கும், புல்லாங்குழல் காதைத் துளைக்கும். பேஸ் கிடார் மட்டும் வரவே வராது. அதன் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வுதான். குழாய் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெரியாது. மிச்சப் பாதி எனக்குக் கிடைத்தது அருப்புக்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில். கடைசி சீட்டுக்கு அடியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைத்த பஸ். ‘ராஜ ராஜ சோழன் நான்’ ஓடுகிறது. ஜேசுதாஸ் பாடுகிறார், சரி. கீழே ஒருத்தர் தனியாக வேறொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாரே, அவர் யார்?

அவர்தான் சசிதரன். எண்பதுகளின் ராஜா பாட்டுகள் பலவற்றில் பேஸ் வாசித்தவர். ஒவ்வொரு கருவிக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்பதை ராஜா ஸ்டாஃப் நொட்டேஷனில் தானே எழுதிக் கொடுத்துவிடுவார், பேஸுக்கும் அப்படித்தான். அதனால்தான் அது தாளத்துக்குத் துணைபோகும் வெறும் ‘தும் தும்’ ஆக இருப்பதில்லை. பல்லவி மேலே ஏறும்போது எதிரே இறங்கிவரும், குரல் மூச்சு வாங்கும் இடத்தில் அது பேசும். ‘என் இனிய பொன் நிலாவே’யை நல்ல ஹெட்போனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். 1980-இல் வந்த படத்துப் பாட்டு. இன்றைக்கும் ஒரு பேஸ் மாணவனுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது என்று சத்தியம் செய்வேன்.

ஆக, பேஸ் வாங்குவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது? இங்கேதான் இந்தப் பைத்தியம் ஆரம்பம்.

இன்று நீங்கள் கடையில் பார்க்கிற பேஸ் எல்லாமே கடைசியில் இரண்டு தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள். இரண்டுமே லியோ ஃபெண்டர் செய்தவை: 1951-இல் பிரிசிஷன், 1960-இல் ஜாஸ் பேஸ். பிரிசிஷனின் கழுத்து கொஞ்சம் அகலம், சத்தம் தடித்தது, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் ஒன்றே ஒன்று. ஜாஸ் பேஸ் தலைப்பக்கம் ஒடுங்கி ஒன்றரை அங்குலத்தில் நிற்கும், இரண்டு பிக்கப், சத்தத்தில் ஒரு முனகல். சின்னக் கை உள்ளவர்களுக்கு ஜாஸ் கழுத்தோ ஐபனீஸ் எஸ்ஆர் வரிசையின் மெல்லிய கழுத்தோ சொர்க்கம். எனக்குப் பிடித்தது பிரிசிஷன் சத்தம், என் விரலுக்குப் பிடித்தது ஜாஸ் கழுத்து. இரண்டுக்கும் நடுவே சமரசமாக யமஹா டிஆர்பிஎக்ஸ்174 வாங்கினேன். அதில் பிரிசிஷன் பிக்கப் ஒன்று, ஜாஸ் பிக்கப் ஒன்று. பேட்டரி கிடையாது. பேட்டரி இல்லாததை ஒரு குறையாகக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அதுதான் வரம். ஆக்டிவ் பேஸில் 9 வோல்ட் பேட்டரி கச்சேரி நடுவில் செத்தால், நள்ளிரவில் நரிக்குடிப் பக்கம் எந்தக் கடையைத் தட்டுவது?

பிக்கப் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கோயில் மேடை என்றால் சீரியல் செட், டியூப்லைட், ஜெனரேட்டர், எர்த் இருக்கிறதா இல்லையா என்று சாமிக்கே தெரியாத ஒயரிங். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ‘ங்ங்ங்’ என்று இரைச்சல் தொடங்கிவிடும். இரண்டையும் சமமாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். பிரிசிஷனில் அந்தக் கவலையே இல்லை: 1957-லிருந்து அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிளந்து, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். பங்குனிப் பொங்கல் மேடையில் இந்த அறுபது சொச்சம் வருஷத்துப் பழைய யோசனைக்கு நான் கும்பிடு போட்டிருக்கிறேன்.

கடையில் பார்ப்பது எப்படி? உடம்பின் பளபளப்பில் மயங்காதீர்கள். முதலில் வாரைத் தோளில் மாட்டி, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலை கீழே சாய்ந்தால் அந்தப் பேஸ் வேண்டாம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் இடது கை வாசிக்குமா, கழுத்தைத் தாங்குமா? அடுத்து ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி ஒவ்வொன்றாக, வாசித்துக்கொண்டே மேலே போங்கள். எங்காவது கரகரத்தால் அங்கேயே நில்லுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கிற சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்ப்பில் இருக்கிற எல்லாத் திருகையும் நடுவில் வைத்துக் கேளுங்கள். கடைக்காரர்கள் பேஸ் திருகை முழுக்கத் திருப்பித்தான் காட்டுவார்கள்; அதில் தகர டப்பாவும் தேனாக ஒலிக்கும். சென்னைப் பக்கம் போனால் அண்ணா சாலை மியூஸி மியூஸிகலில் ஏறி இறங்குங்கள். 1842-லிருந்து இருக்கிற கடை. வாங்காவிட்டாலும் பத்து விதமான கழுத்தைத் தொட்டுப் பார்த்த கை வேறு கையாக வெளியே வரும்.

இவ்வளவும் ஃப்ரெட் வைத்த பேஸ் கதை. இனிமேல்தான் நான் கட்டுரை எழுத உட்கார்ந்த காரணமே வருகிறது.

மதுரையில் ஒருத்தர் பழைய ஸ்குவயர் ஜாஸ் பேஸ் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். உறையைத் திறந்தால் கழுத்தில் ஃப்ரெட்டே இல்லை. இருக்க வேண்டிய இடங்களில் வெள்ளைக் கோடு மட்டும். “பயப்படாதீங்க தம்பி, சும்மா தொடுங்க” என்றார். ஒரு சுரத்தில் விரலை வைத்து மீட்டி, இரண்டு கோடு மேலே தேய்த்தேன். அய்யோ! அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? சுரம் பிறக்கிறது, வாயைத் திறக்கிறது, ‘ம்வா’ என்று மலர்கிறது. உலகம் முழுக்கப் பேஸ்காரர்கள் அதை ‘ம்வா’ என்றுதான் சொல்கிறார்கள். ஃப்ரெட் பேஸில் கம்பி ஒரு உலோக முனையில் நிற்கும். இதில் விரலின் சதையில் நிற்கிறது, அதிரும்போது பலகையையே உரசி உரசிப் பாடுகிறது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் கூடத் திறந்தால் அந்த உரசல் துல்லியமாக வந்துவிடும். பேரம் பேச மறந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நம் காதுக்கு இது புதிதே இல்லை என்பதுதான் விசேஷம். வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகில் பதித்த 24 மெட்டு. அதே வீணையின் மெட்டுகளைக் கழற்றிவிட்டு, கோடு என்கிற உருட்டுக் கட்டையால் கம்பியைத் தேய்த்து வாசித்தால் கோட்டுவாத்தியம்; ரவிகிரண் வாசிக்கிற சித்திரவீணை. நாம் எப்போதோ பார்த்து முடித்த ஜோடி இது. வீணைக்காரர் மெட்டின் மேலேயே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் எடுத்துவிடுவார். பேஸ் கம்பியை அப்படி இழுக்க முயன்றால் விரல்தான் போகும், அவ்வளவு தடிமன். தோடியின் காந்தாரத்தை ஃப்ரெட் பேஸில் அசைக்கப் பார்த்தால் அது முறைத்துக்கொண்டு நிற்கும். ஃப்ரெட்லெஸ்ஸில் விரலை உருட்டினாலே கம்பிதம், நகர்த்தினாலே ஜாரு. நம்மைப் போன்ற சங்கீதக்காரர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. ஆனால் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் 1961-இல் ஒரு மலிவு பேஸை வாங்கி, தேய்ந்த ஃப்ரெட்டைப் பிடுங்கிவிட்டுப் புதிது போடலாம் என்று நினைத்தார். பிடுங்கிய பிறகு வந்த சத்தம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். 1966-இல் ஆம்ப்பெக் கம்பெனி ஃப்ரெட்லெஸ்ஸைக் கடைக்குக் கொண்டுவந்தது, ஃபெண்டர் 1970-இல். பிறகு வந்தார் ஜாக்கோ பாஸ்டோரியஸ். 1962 ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃப்ரெட்டை எடுத்துவிட்டு, பள்ளங்களை அடைத்து, பலகைக்கு எப்பாக்ஸி பூசி வாசித்தார். 1976-இல் அவர் பெயரிலேயே ஒரு ஆல்பம் வந்தது. அதைக் கேட்ட பேஸ்காரர்களில் பாதிப் பேர் தங்கள் பேஸின் ஃப்ரெட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பார்கள். ஜாக்கோ ஓடுகிறவர் என்றால், நிதானமாக உருகுகிறவர் பினோ பல்லாடினோ. 1983-இல் பால் யங் பாடிய ஒரு பாட்டின் தொடக்கமே அவருடைய ஃப்ரெட்லெஸ்தான். நம் பக்கம் கீத் பீட்டர்ஸ். ரஹ்மானின் பாட்டுகளுக்குப் பல வருஷமாகப் பேஸ் வாசிப்பவர், ஃப்ரெட்லெஸ்ஸில் கைதேர்ந்தவர். அவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும்.

ஃப்ரெட்லெஸ் கஷ்டமா? கஷ்டம்தான், ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. ஃப்ரெட் பேஸில் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னே எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாக வந்துவிடும். இதில் கோட்டின் மேலேயே விரல் நுனி நிற்க வேண்டும், பின்னே நின்றால் சுருதி இறங்கிவிடும். 34 அங்குல நீளக் கம்பியில் முதல் ஃப்ரெட் வரைக்கும் கிட்டத்தட்ட 4.8 சென்டிமீட்டர் இடம். அங்கே விரல் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பேஸ் மன்னித்துவிடும். 12-ஆவது ஃப்ரெட் பக்கம் போனால் ஒரு ஃப்ரெட்டுக்கான இடம் பாதியாகிவிடும், மன்னிப்பும் பாதிதான். கோடு போட்டதை வாங்குவது கேவலம் என்று சில பெரிய கைகள் சொல்வார்கள். போடாததை அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்! நான் தம்பூரா செயலியை ஓடவிட்டு, சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே போய்வந்து பழகுகிறேன். பஞ்சமம் சரியாகச் சேர்கிற நொடியில் பேஸின் மரமே கையில் குறுகுறுக்கும். ஃப்ரெட் பேஸ் எனக்கு இதைத் தந்ததே இல்லை.

எங்கள் வெயிலில் இன்னொரு லாபமும் உண்டு. சித்திரை, வைகாசியில் கருவேலங்காட்டுக் காற்று வீட்டுக்குள் அடிக்கும்போது யமஹாவின் விரல் பலகை சுருங்கிவிடும். ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காதே! அதன் முனைகள் கழுத்தோரத்தில் ரம்பம் போலத் துருத்திக்கொண்டு நிற்கும், உள்ளங்கை கீறும். மெல்லிய அரம் வைத்து ராவிவிட வேண்டியதுதான். ஃப்ரெட்லெஸ்ஸில் துருத்த என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு என் ஸ்குவயரின் பலகை எபனால் என்கிற செயற்கைப் பொருள், வெயிலுக்கு அசைவதே இல்லை. கழுத்து மரம் இரண்டிலுமே வளையும். அதற்கு உள்ளே ஓடும் டிரஸ் ராடை ஆலன் கீயால் கால் திருகு திருப்பினால் போதும். அதற்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள்.

கம்பி விஷயம்: சாதாரண ரவுண்ட்வவுண்ட் கம்பியின் சுற்று, ரோஸ்வுட் பலகையை நாளடைவில் அரித்துவிடும். மரப் பலகை என்றால் வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் போடுங்கள். ‘ம்வா’ கொஞ்சம் குறையும், பலகை தப்பிக்கும். எபனாலோ எப்பாக்ஸியோ என்றால் ரவுண்ட்வவுண்டே போட்டு அனுபவியுங்கள்.

கரண்டு இல்லாத ராத்திரிகளுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். ஆம்ப் வேண்டாம். பேஸின் மேல் கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு மீட்டுங்கள். சத்தம் எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் கச்சேரி நடக்கும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. ஆம்ப்பில் வாசிக்கும்போது கேட்டுவிட்டு அம்மா, “என்னய்யா இது, கன்னுக்குட்டி தாயைத் தேடுற மாதிரி இருக்கு” என்றாள். ஃப்ரெட்லெஸ்ஸுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை எந்தப் பெரிய விமர்சகர் எழுதியும் நான் படித்ததில்லை.

அப்படியானால் ஃப்ரெட் பேஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. மேடையில் மானிட்டர் இல்லாமல், பக்கத்தில் பறையும் டிரம்ஸும் இடிக்க, நம் சுருதி நமக்கே கேட்காத இடத்தில் ஃப்ரெட்தான் காப்பாற்றும். குத்துப்பாட்டுக்கு ஃப்ரெட்டின் அந்த வெட்டு வேண்டும். முதல் பேஸ் வாங்குகிறவர் ஃப்ரெட் வைத்ததையே வாங்கட்டும், கை நிமிரட்டும். ஆனால் காசு சேர்ந்த அன்றைக்கு இரண்டாவதாக இன்னொரு ஃப்ரெட் பேஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்து கம்பிப் பேஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: கீழே 31 ஹெர்ட்ஸ் வரை போகும், கேட்பதற்கு ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது?

எங்கள் குழுவில் இந்த வருஷக் கச்சேரிக்கு ஃப்ரெட்லெஸ்ஸை மூன்று மெலடிக்கு மட்டும் எடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். கீபோர்டு அண்ணன், “சுருதி விலகுச்சுன்னா மேடையிலேயே உன்னைய வையிவேன்டா” என்கிறார். பாட்டுப் பட்டியலில் ‘பனிவிழும் மலர்வனம்’ இருக்கிறது. வையட்டும்.