யாருடைய செலவு?

ஒரு நாட்டின் அரசியலைப் பாராளுமன்ற உரைகளிலிருந்து அறிவதினும், அதன் தலைநகரில் உழைப்போர் எவ்வாறு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர் என்பதிலிருந்து அறிவது எளிது. கொழும்புக் கோட்டையையும் மாலபேயையும் இணைப்பதாக இருந்த இலகு ரயில் பாதையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை ஆகிய இடங்களினூடாகச் சுமார் 16 கிலோமீற்றர் தூரத்திற்கு இப்பாதை வகுக்கப்பட்டது. எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் மாணவரும், தேசிய வைத்தியசாலையை நாடிவரும் நோயாளரும் நாள்தோறும் பஸ்களில் நெருக்குண்டு செல்லும் வழி இதுவே. 2019 மார்ச்சில் இதற்கென யப்பானுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வட்டி நூற்றுக்கு 0.1, 12 ஆண்டுச் சலுகைக்காலம் உட்பட 40 ஆண்டுத் தவணை. 2020 செப்டெம்பரில் ஜனாதிபதியின் செயலாளர் அனுப்பிய கடிதமொன்று திட்டத்தை நிறுத்திற்று. செலவு மிக அதிகம், செலவுக்கேற்ற தீர்வும் இதுவன்று என்பதே கூறப்பட்ட காரணம்.

‘செலவுக்கேற்ற தீர்வு’ என்னும் இத்தொடரை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ரயிற்பாதையைத் தாங்கும் தூண் ஒவ்வொன்றும் அரசின் கணக்கேட்டில் செலவாகப் பதியப்படும். ஆனால், தெரு நெரிசலில் மாயும் மணித்தியாலங்களோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அந்நேரம் உழைப்போரின் உறக்கத்திலிருந்தும், குழந்தைகளோடு கழிக்கவேண்டிய மாலைப்பொழுதிலிருந்தும் களவாடப்படுகின்றது. அதற்கு விலையில்லை எனக் கொண்டே ‘செலவு’ கணிக்கப்படுகின்றது.

அந்நியக் கடனுக்கு அஞ்சியே நிறுத்தினர் என்று வாதிப்போரும் உளர். ஆயின், யப்பானியக் கடனிலேயே எழுந்த புதிய களனிப் பாலம் 2021 நவம்பரில் திறந்து வைக்கப்பட்டது. பாலம் வேண்டாம் என்பதன்று நமது வாதம். மோட்டார் வாகனங்களின் வழிக்கு ஏற்புடையதான கடன், வாகனமற்றோரின் வழிக்கு மட்டும் ஏன் பாரமாயிற்று என்பதே கேள்வி.

இதனால் திட்டத்தை முழுமையாகப் போற்றவேண்டும் என்பதுமில்லை. முதன்மை ஒப்பந்தகாரர் கடன் கொடுத்த நாட்டினராகவே இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை குறைந்த வட்டியோடு கூடவே வந்தது. கட்டணம் நாட்கூலி பெறுவோருக்கு எட்டுமா? பாதைக்காக நிலம் இழப்போர் எங்கே செல்வர்? இவற்றைக் கேட்பது திட்டத்தின் எதிரிகளுக்குத் துணைபோவதாகாது, முற்போக்காளரின் கடமையாகும்.

கொழும்பில் 1899 இல் ஓடத்தொடங்கிய மின்சார ட்ராம் வண்டிகள் ஆங்கிலேயக் கம்பனியொன்றின் உடைமையாக இருந்தன. 1929 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் அவற்றின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. 1944 இல் நகரசபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1960 இல் அது மறைந்தது. தண்டவாளங்கள் போயின எனினும், நகரப் போக்குவரத்து வர்க்கப் பிரச்சினையே என்னும் அன்றைய பாடம் பழையதாகிவிடவில்லை.

ஒருவர் கையொப்பமிட, இன்னொருவர் ஒரு கடிதத்தால் அதனை அழிக்கின்றார். பயணியோ இரு வேளையும் தெருவிலேயே நிற்கின்றார். இலகு ரயில்பற்றிய பேச்சு மீண்டும் எழும்போதெல்லாம், ‘எத்தனை கோடி?’ என்னும் கேள்வியோடு நாம் அமைந்துவிடலாகாது. எவருடைய நேரம் மீட்கப்படும், கட்டணத்தை நிர்ணயிப்போர் யாவர், தொழிலாளருக்கும் பயணிகளுக்கும் நிருவாகத்தில் இடமுண்டா என்பவற்றை வகுப்பறையிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் ஆசிரியரும் மாணவரும் எழுப்புதல் வேண்டும்.