தம்பிக்குள் இருக்கும் 'தம்'

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஒரே பிள்ளையாய்ப் பிறந்தவரும் 'எங்கப்பா' என்றுதான் சொல்வார். சட்டை என்றால் 'என் சட்டை'. அப்பா என்றால் 'எங்கப்பா'. தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்குதான் இது. தெலுங்கர் 'மா நான்ன' என்பதும் கன்னடர் 'நம்மப்ப' என்பதும் இதே பன்மைதான். பொருளை உடைமையாகச் சொல்லும் நாக்கு உறவை அப்படிச் சொல்லக் கூசுகிறது என்றே எனக்குப் படுகிறது.

தமிழில் உடைமைக்கெனத் தனிப் பெயர்ச்சொல் பிறக்கவில்லை. யான் 'என்' ஆகும். நாம் 'நம்', தான் 'தன்' ஆகும். முதலெழுத்தின் நெடில் குறுகினால் போதும், உருபு இல்லாமலே உடைமை வந்துவிடும். இந்தக் குறுக்கத்தைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே விதித்துவிட்டார். 'நும்' என்பதை மட்டும் அவர் மூலமாக வைத்து, அதிலிருந்து 'நீயிர்' வந்ததாகக் கொண்டார். 1856இல் கால்டுவெல் இந்த வேர்களை மற்றத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டார். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட நூலில் அவற்றின் மூலத்திராவிட வடிவங்களை மீட்டமைத்துக் காட்டினார்.

எனக்கு வியப்பளிப்பவை உறவுப்பெயர்கள். தம்பி என்பது தம் + பின். முதலில் 'அவர்க்குப் பின்பிறந்தவன்' என்றே பொருள். என் தம்பி எம்பி, உன் தம்பி நும்பி. எங்கை, நுங்கை, தங்கை. எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய் எல்லாம் இந்த வரிசைதான். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் யாய், ஞாய், எந்தை, நுந்தை நான்கும் ஒன்றாக நிற்கின்றன. பின்னாளில் படர்க்கை வடிவம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாயிற்று. 'என் தம்பி' என்னும்போது ஒரு உடைமைச் சொல்லின் மேல் இன்னொன்றை ஏற்றுகிறோம். சார்க்கண்டில் பேசும் குடுக் என்னும் திராவிட மொழியில் அந்த வரிசை உயிரோடு இருக்கிறது: எம்பஸ் என் தந்தை, நிம்பஸ் உன் தந்தை, தம்பஸ் அவன் தந்தை. 1953இலேயே மொழியியலாளர் எமனோ திராவிட உறவுப்பெயர்களைத் தனிக் கட்டுரையில் ஆராய்ந்தார்.

உறவோடு உடைமைச் சொல் ஒட்டுவது திராவிட மொழிகளில் மட்டும் இல்லை. துருக்கியின் தென்மேற்கில் இருந்த லிசியாவிலும் உறவைச் சொல்லும் இடத்தில்தான் உடைமைச் சொல் அதிகம் கிடைக்கிறது. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில், தன் மனைவிக்கும் மக்களுக்குமாக இதைக் கட்டினான் என்று எழுதினார்கள். அந்தத் 'தன்' அங்கே 'எஹ்பி'. லிசிய மொழிக்கு உறவான இட்டைட்டு மொழியில் உடைமைச் சொல் பெயரின் பின்னே ஒட்டும்; நமக்கு முன்னே ஒட்டியது. கல்லில் உறவை இப்படிச் சொல்வது நம்மிடமும் உண்டு: தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் கொடையாளிகளைச் சொல்லும்போது இராசராசன் 'நம் பெண்டுகள்' என்கிறான்.

நூல்வழக்கு ஓரளவு ஆராயப்பட்டுவிட்டது. பேச்சுவழக்குக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. கீழப்பழுவூரிலோ வேப்பந்தட்டையிலோ உங்கள் பாட்டி யாரை 'என்' என்கிறார், யாரை 'எங்க' என்கிறார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.